கவுண்டருக்கு அந்தப் பக்கம்

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே, பின்வரிசையில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் அப்பாமார்களே, அம்மாமார்களே!

என்னை அறிமுகம் செய்த பேராசிரியர் 'முன்னாள் தூதர்' என்று சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் தூதராக இருந்ததில்லை. மத்தியப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு எழுதி, வெளியுறவு அமைச்சகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, வளைகுடாத் தூதரகங்களில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்து, அட்டாஷே என்ற பதவியோடு ஓய்வு பெற்றவன். தூதர் விருந்துக்குப் போவார். நான் ஜெயிலுக்கும் பிணவறைக்கும் போவேன். இந்தக் குமரி மாவட்டக் கடலோரத்துக்காரர்களுக்குத் தூதரைவிட என்னைப் போன்றவர்களிடம்தான் அதிகம் வேலை இருந்திருக்கிறது. அதனால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வெளியுறவு, பாதுகாப்புத் துறை வேலைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இதைக் கேட்டதும் டெல்லியும் கோட்டு சூட்டும் நினைவுக்கு வரும். தேங்காய்ப்பட்டணத்துக்கும் அதற்கும் என்ன என்று தோன்றும். எனக்குத் தெரிந்தவரை, இந்தியாவில் வெளியுறவுத் துறைக்கு அதிக வேலை வைக்கிற கரைகளில் இதுவும் ஒன்று.

2012 பிப்ரவரி 15. நீண்டகரையிலிருந்து தொழிலுக்குப் போன 'செயின்ட் ஆன்டனி' என்ற விசைப்படகு. உரிமையாளர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பூத்துறைக்காரர். கேரளக் கரையிலிருந்து 20.5 கடல் மைலில், 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற கடற்படை வீரர்கள், கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். சுக்கான் பிடித்திருந்த கொல்லத்துக்காரர் செத்தார். நம் மாவட்டத்து இளைஞர் ஒருவரும் செத்தார். இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களில் சிலருக்குச் சொந்தக்கார வீட்டுத் துக்கம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும். நம் கடல் எல்லை 12 கடல் மைல். அதற்கு அப்பால் 24 வரை அடுத்துள்ள மண்டலம், 200 வரை பொருளாதார மண்டலம். சுட்டது 20.5-ல். அப்படியானால் வழக்கு யாருடையது? கேரளத்துக்கு அதிகாரமில்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்கட்டும் என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே, ஊரில் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள் என்று இத்தாலியத் தூதர் உறுதி கொடுக்க, சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட வீரர்கள் இருவரையும் அனுப்பிவைத்தார்கள். மார்ச் 11-ல் 'அவர்கள் வரமாட்டார்கள்' என்றது இத்தாலி. நீதிமன்றம் தூதரை நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று தடுத்தது. தூதரைத் தடுக்கலாமா? 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் தூதருக்குக் கொடுக்கிற பாதுகாப்பு என்ன ஆவது? கோர்ட்டில் தானே வந்து உறுதி கொடுத்தவர் அந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியுமா? டெல்லியில் பலருக்கு அந்த நாட்களில் தூக்கமில்லை. மார்ச் 22-ல் இருவரும் திரும்பி வந்தார்கள்.

பிறகு வழக்கு கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்கும், அங்கிருந்து நடுவர் மன்றத்துக்கும் போனது. 2020-ல் தீர்ப்பு. கப்பல் போக்குவரத்துச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது, இந்தியாவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது மன்றம். ஆனால் அந்த வீரர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், அவர்களை விசாரிக்க இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும் சொன்னது. மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. இறந்தவர்கள் குடும்பத்துக்குத் தலைக்கு 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. 2022 ஜனவரியில் ரோம் நீதிமன்றமும் முடித்தது. யாருக்கும் தண்டனை இல்லை.

அந்தப் படகில் அன்றைக்கு இருந்தவர்களில் இருவர் செத்தார்கள். கூட இருந்த ஒன்பது பேர், குண்டு தலைக்கு மேலே பறந்துபோகப் படகுக்குள் குப்புறக் கிடந்தவர்கள். அவர்களில் பலர் நம் கரைக்காரர்கள். பத்துக் கோடியைப் பிரித்தபோது அவர்களுக்கென்று ஒரு பைசா ஒதுக்கவில்லை. அவர்கள் தனியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2022 நவம்பரில் அந்த 2 கோடியிலிருந்து ஆளுக்கு 5 லட்சம் வாங்கினார்கள்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சட்டம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் வாதாடினார்கள். ஆனால் படகு என்றால் உரிமையாளர் மட்டும் இல்லை, படகை ஓட்டும் ஸ்ராங்கும் கூட்டாளிகளும் பங்கு வைத்துத் தொழில் செய்கிறார்கள் என்பது தெரிந்த ஒருவர் அந்தக் கணக்கைப் போடும் அறையில் இருந்திருந்தால், அந்த ஒன்பது பேர் இன்னொரு வக்கீலைத் தேடி அலைந்திருக்க மாட்டார்கள். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

இன்னொரு கதை, இதைவிடப் பழையது. 1976 மார்ச் 23. இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கை வெளியுறவுச் செயலர் ஜெயசிங்கவும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கிற வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடித் திட்டு இந்தியாவின் பொருளாதார மண்டலத்தைச் சேர்ந்தது, அதன் வளம் இந்தியாவுக்கே என்று அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அதுவரை அங்கே வந்து மீன் பிடித்துக்கொண்டிருந்த இலங்கைக் கப்பல்களுக்கு மூன்று வருடம் தவணை. ஆறு கப்பலுக்கு மேல் கூடாது, வருடத்துக்கு 2,000 டன்னுக்கு மேல் பிடிக்கக்கூடாது. அதோடு சரி. உங்கள் அப்பாவும் தாத்தாவும் அந்தக் கடலில் உரிமையோடு தூண்டில் போட்டதற்கு அந்தக் கடிதம் ஒரு காரணம்.

அதே கடிதத்தில்தான், ஒரு நாட்டு மீனவர் இன்னொரு நாட்டுக் கடலில் அனுமதி இல்லாமல் தொழில் செய்யக்கூடாது என்ற வரியும் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்காரரைக் கேட்டுப் பாருங்கள், அந்த வரி அவருக்கு என்ன செய்தது என்று. ஒரே தாளில் ஒரு பத்தி நமக்குக் கொடுத்தது, இன்னொரு பத்தி அவரிடமிருந்து எடுத்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தேதியில் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே கிடையாது. ஜனவரி 31-ல் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். நெருக்கடி நிலைக் காலம் வேறு. கரையில் இருக்கிறவனுக்காகக் கேள்வி கேட்கச் சட்டசபையில் ஒரு ஆளும் இல்லாத நேரத்தில் கடலில் கோடு போட்டார்கள். கோடு சரியா தவறா என்பதில் எனக்கு என் கருத்து உண்டு, அது அரசியல், விடுங்கள். கோடு போடுகிற மேசையில் கடல் தெரிந்தவன் இருக்க வேண்டும் என்பதில் கட்சி வேறுபாடு இருக்க முடியாது.

சரி, அந்த மேசைக்குப் போகிற வழி என்ன?

பெரிய வாசல் யு.பி.எஸ்.சி. நடத்துகிற குடிமைப் பணித் தேர்வு. ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள் இந்தியா முழுவதற்கும் சேர்த்தே சுமார் ஆயிரம் பேர்தான். இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது போதாது என்று நாடாளுமன்றக் குழுவே சொல்லிவிட்டது. முதல்நிலைத் தேர்வுக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம், நேர்முகத் தேர்வையும் தமிழில் கொடுக்கலாம். ஓ.பி.சி. சான்றிதழ் உள்ளவர்களுக்கு 35 வயது வரை, ஒன்பது முறை வாய்ப்பு. 'நான் முதல்வன்' திட்டத்தில் முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு மாதம் 7,500 ரூபாய் தருகிறார்கள். அதற்கும் ஒரு தேர்வு உண்டு, எழுதுங்கள்.

சின்ன வாசல் ஒன்று இருக்கிறது, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. பணியாளர் தேர்வாணையம் நடத்துகிற சி.ஜி.எல். தேர்வு. அதில் வெளியுறவு அமைச்சகத்துக்கு உதவிப் பிரிவு அலுவலர்களை எடுக்கிறார்கள். நான் வந்த வழி அதுதான். தூதரகங்களில் நீங்கள் பார்க்கிற நிறைய முகங்கள் இப்படி வந்தவைதான். கொடி கட்டிய கார் கிடைக்காது. ஆனால் நம் ஆள் ஒருவன் பாஸ்போர்ட்டைக் கஃபீல் என்கிற அரபு முதலாளியிடம் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கும்போது, அவன் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தை.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஒருவர் அங்கே இறந்துவிடுகிறார். உடலை ஊருக்கு அனுப்ப வேண்டும். போலீஸ் அறிக்கை, மருத்துவ அறிக்கை, அரபியில் எழுதிய இறப்புச் சான்று, அதன் மொழிபெயர்ப்பு, முதலாளியின் கடிதம், வீட்டாரின் சம்மதக் கடிதம், ரத்து செய்த பாஸ்போர்ட், உடலைப் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, விமானச் சரக்குப் பதிவு. இவ்வளவும் வந்தால்தான் பெட்டி ஏறும். இதில் எங்கே சிக்கும் தெரியுமா? பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் ஒட்டியிருக்கும். ரேஷன் கார்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். கோயில் பதிவிலோ ஜமாஅத் பதிவிலோ வேறு எழுத்து. மனைவி கையெழுத்துப் போட்ட கடிதத்தில் ஊரில் கூப்பிடுகிற பெயர். அங்குள்ள அதிகாரிக்கு இவை நான்கும் நான்கு ஆட்கள்.

இப்படிச் சிக்கிய ஒருவருக்காக ஒரு முறை ஊருக்குப் போன் போட்டேன். மறுமுனையில் இறந்தவரின் அம்மா. "சாரே, எனக்க பிள்ளைய எப்பம் கொண்டு வருவிய?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டால் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் திறமையான அதிகாரி, நான்கு மொழி தெரிந்தவர். அவருக்கு அந்த அம்மா பேசியதில் ஒரு சொல் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் பெயரை விட்டுவிட்டு, "அம்மா, அவனுக்க பழைய பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் பெட்டிக்குள்ள கிடக்கா பாருங்க" என்றேன். அது கிடைத்தது. அதை வைத்துத்தான் நான்கு பெயரும் ஒரே ஆள் என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரித்தோம். இதற்குப் பெரிய புத்தி எதுவும் வேண்டியதில்லை. அந்த வீட்டில் காகிதம் எந்தப் பெட்டியில் கிடக்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனா நேரத்தில் ஈரானில் மீன் பிடிக்கப் போன நம் ஆட்கள் கரையிலும் படகிலுமாக மாட்டிக்கொண்டார்கள். விமானம் இல்லை. 'ஜலஷ்வா' என்ற போர்க்கப்பல் பந்தர் அப்பாஸுக்குப் போய் 687 பேரை ஏற்றி ஜூலை 1-ல் தூத்துக்குடியில் இறக்கியது. படம் எல்லாம் கப்பலைத்தான் காட்டின. கப்பல் வருவதற்கு முன்னால், எந்தத் துறைமுகத்தில் எந்த முதலாளியிடம் எத்தனை பேர் என்று பட்டியல் போட்டவர்களைப் படத்தில் காட்ட முடியாது.

பாதுகாப்புத் துறைக்கு வருகிறேன். இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு 1741-ஐச் சொல்லாமல் விட முடியாது. குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. எல்லோரும் போரைப் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாயைச் சிறையில் வைத்துச் சாகடிக்காமல், தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்தார் ராஜா. அந்த மனிதர் இறுதிவரை இங்கேயே இருந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். டச்சுக் கம்பெனி மாவேலிக்கரையில் ஒப்பந்தத்துக்கு இறங்கிவந்தது 1753-ல். அந்தச் சண்டைக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில் பன்னிரண்டு வருடம். போர் பாதி வேலைதான் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கு நிலைமை என்ன? 2008 நவம்பரில் மும்பைக்கு வந்தவர்கள் குஜராத் மீன்பிடிப் படகு ஒன்றைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். அந்தப் படகில் இருந்த மீனவர்களைத்தான் முதலில் கொன்றார்கள். அதற்குப் பிறகு கரை முழுக்கச் சோதனை, அடையாள அட்டை, ஒத்திகை. அதிகாரிகளில் சிலர் மீனவரைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். அது தவறு என்று மேடையில் சொல்வது சுலபம். உள்ளே போய்ச் சொல்ல ஆள் வேண்டும்.

ஒக்கி புயல் உங்களுக்கு மறந்திருக்காது. 2017 நவம்பர் 30. பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. தேடப் போன கப்பல்களில் ராடார் இருந்தது, விமானம் இருந்தது. படகுகள் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்ல ஆள் இல்லை. பிறகுதான் மீனவர்களையும் ஏற்றிக்கொண்டு தேடினார்கள். அந்த அறிவு கப்பலில் விருந்தாளியாக ஏறக்கூடாது, சீருடையோடு ஏற வேண்டும்.

பட்டம் வாங்கியவர்களுக்குக் கடலோரக் காவல்படையில் உதவி கமாண்டன்ட் தேர்வு உண்டு, பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். உங்கள் தம்பிகளுக்கு நாவிக் என்கிற மாலுமி வேலை உண்டு. தமிழ்நாடு போலீஸின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மீனவ இளைஞர்களுக்கு இதற்கென்றே இலவசப் பயிற்சி நடத்தியிருக்கிறது, விசாரியுங்கள். எல்லை, மத்தியக் காவல் படைகளுக்கு யு.பி.எஸ்.சி. தனித் தேர்வு வைக்கிறது. உளவுத் துறையான ஐ.பி.க்கு உள்துறை அமைச்சகம் விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கிறது. வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வில் சேர வேண்டும் என்று என்னிடம் கேட்காத கல்லூரி மாணவர் இல்லை. சினிமாவின் வேலை. 'ரா'வுக்கு நேரடியாக ஆள் எடுப்பதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால், நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். அங்கே பெரும்பாலும் மற்றப் பணிகளிலிருந்து தேர்ந்தெடுத்துத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வேலையில் துப்பாக்கியைவிடக் கோப்பு அதிகம். வீட்டில்கூடச் சொல்ல முடியாது, ஊரில் பேர் கிடைக்காது. பேர் வேண்டும் என்கிறவர்களுக்கு அது ஆகாது.

மாணவிகளிடம் ஒன்று. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் முத்தம்மா. குடகில் பிறந்து, சென்னையில் படித்து, 1949-ல் சேர்ந்தவர். பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் அனுமதி கேட்க வேண்டும், தேவைப்பட்டால் வேலையை விட்டுப் போகச் சொல்லலாம் என்று அன்றைக்கு விதி இருந்தது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1979-ல் நீதிபதி கிருஷ்ண ஐயர் அந்த விதிகளைப் பற்றி எழுதியது அரசுக்கு வலித்திருக்கும். விதி போய்விட்டது. 'கல்யாணத்துக்கு அப்புறம் எப்படி?' என்று உங்கள் வீட்டில் கேட்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.எஃப்.எஸ்.ஸில் சேர்ந்த எல்லோருக்கும் ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம். தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளைகள் பலருக்கு அரபி எழுத்து சிறு வயதிலேயே பழக்கம். எழுத்தாளர் தோப்பில் முகமது மீரான் பிறந்த ஊர் இது. அவர் பள்ளியில் படித்தது மலையாளம், எழுதி சாகித்திய அகாதெமி விருது வாங்கியது தமிழில். மூன்று மொழிக்கு நடுவில் வளர்வதைக் குறை என்று நினைக்காதீர்கள். ஓதத் தெரிந்த அரபியைப் பேசத் தெரிந்த அரபியாக மாற்ற ஒரு வருடம் உழைத்தால் போதும். ஆங்கிலத்துக்கும் அதே உழைப்பு வேண்டும், அதில் சலுகை கிடையாது.

மக்களே, உங்களில் எத்தனை பேர் இந்தத் தேர்வுகளை எழுதுவீர்களோ தெரியாது. எழுதாதவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பா, அண்ணன், மாமா, கடலிலோ வளைகுடாவிலோ இருக்கிற எல்லோருடைய பாஸ்போர்ட், ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் இவற்றை எடுத்துப் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த மாதமே திருத்துங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் சிக்கல் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதிய வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுங்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். பட்டம் வாங்கியவர்கள் நீங்கள். இதை உங்களுக்குப் பதிலாக வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.